சுண்டெலி கிழவியானதும் வௌவால் ஆகாததும்

அந்தக் காலத்தில், பாம்பும் எலியும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளவாவது ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, உயிர்களின் உடம்பு துணி மாதிரி இருந்தது. உடுத்த உடுத்தத் துணி நைவது போல, வாழ வாழ உடம்பு நைந்தது. இன்றைக்கு முழங்காலில் ஒரு கிழிசல், நாளைக்கு முதுகில் ஒரு பொத்தல், அதற்கு மறுநாள் காதோரம் இழை விட்டுப்போனது என்று ஏதாவது கிளம்பிக்கொண்டே இருக்கும். அன்றன்றே தைத்துக்கொண்டால் உடம்பு புதுசு மாதிரி இருக்கும். விட்டுவிட்டால் கிழிசல் கிழிசலோடு சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேர்ந்துபோன உடம்புக்குத்தான் மூப்பு என்று பெயர். ஆயுள் என்று தனியாக ஒன்று யார் தலையிலும் எழுதியிருக்கவில்லை. நூல் இருக்கிறவரை தைக்கலாம், தைக்கிறவரை இருக்கலாம்.

அந்த நூல் சிலந்தியிடம் இருந்தது. எல்லோரும் அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மலையடிவாரத்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து அவள் நூல் பங்கிட்டாள். பங்கிடுகிற முறை இதுதான். வரிசையாக வந்து ஈர மணலில் ஒரு கால் பதிக்க வேண்டும். தடம் எவ்வளவு ஆழமோ, அந்தப் பள்ளம் நிரம்ப நூல். யானை கால் வைத்தால் கிணறு மாதிரி விழும், அதில் கத்தை கத்தையாக நூல் நிரம்பும். சுண்டெலி கால் வைத்தால் மணலுக்கே தெரியாது.

இதைத்தான் நொச்சியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நொச்சி ஒரு சுண்டெலி. நொச்சிப் புதரடியில் பிறந்ததால் அந்தப் பெயர். இலுப்பை மரத்தடியில் பிறந்த அவளுடைய அக்காவுக்கு இலுப்பை என்று பெயர். அந்த நாளில் அவளும் சுண்டெலிதான். இரண்டு பேரையும் பெற்றவள் முந்தைய பங்கீட்டில் கிடைத்த ஒற்றை இழையை வைத்துக்கொண்டு, காதைத் தைப்பதா காலைத் தைப்பதா என்று யோசித்து யோசித்தே கிழிந்து போனாள். அதே ஆற்றங்கரையில் நிறைய நூல் வாங்கிப்போன எருமை இன்னும் அதே தோலோடு, அதே திமிரோடு இருந்தது.

அந்த வருஷத்துப் பங்கீட்டுக்குக் கூட்டம் நெரிந்தது. எருமை கொம்பிலிருந்து வால் நுனி வரை சேறு அப்பிக்கொண்டு வந்திருந்தது. காட்டுப்பன்றி வாய் நிறையக் கல்லை அடைத்துக்கொண்டு வந்ததால் யார் நலம் விசாரித்தாலும் தலையை மட்டும் ஆட்டியது. மான் கால் பதிப்பது போல வந்து கடைசி நேரத்தில் எம்பிக் குதித்தது. எல்லாம் தடம் ஆழமாக விழட்டும் என்றுதான். அத்தைக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி நூலை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

நொச்சியின் முறை வந்தது. காலை வைத்து எடுத்தாள். மணல் அப்படியே இருந்தது.

"அடுத்தது வாங்க," என்றாள் அத்தை.

"என்ன அடுத்தது? எனக்கு எங்க?"

"தடமே விழலையேம்மா. இந்தா, இந்த ஒரு இழையை வச்சுக்க. போ."

"அத்தை, ஒரு கேள்வி. நீங்க கொடுக்கிறது கிழிசலுக்கா, கனத்துக்கா?"

பின்னால் நின்ற எருமை பெருமூச்சு விட்டது. "ஆரம்பிச்சுட்டாடா. வெயில் ஏறுது, சீக்கிரம் கேட்டு முடி."

"கிழிசலுக்குத்தான்," என்றாள் அத்தை.

"அப்புறம் ஏன் கனத்தை அளக்கிறீங்க? அதோ, எருமை மாமா காலையிலேர்ந்து ஒரே இடத்துல நின்னு அசைபோட்டுக்கிட்டு இருக்கார். அவருக்கு என்ன தேயும், தாடை தேயும். நான் ஓடறேன், தோண்டறேன், தப்பிக்கிறேன், மறுபடி ஓடறேன். தேயறவளுக்கு ஒரு இழை, நிக்கிறவருக்கு ஒரு கிணறா? இது எந்த ஊர் ஞாயம்?"

"ஓடறதா சும்மா சொன்னா ஆச்சா?" என்றது எருமை. "என் கண்ணுக்கு நீ ஓடறதே தெரியலை."

"நீங்க குனிஞ்சு பாத்தாத்தானே மாமா."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. இலுப்பை தங்கையின் வாலைப் பிடித்து இழுத்தாள். "போதும்டி, கொடுத்ததை வாங்கிட்டு வா. இருக்கிறதும் போயிடும்."

"இருக்கிறது ஒரு இழை அக்கா. அது போனா என்ன?" நொச்சி அத்தையிடம் திரும்பினாள். "நான் சொல்றதை நம்ப வேண்டாம். நீங்களே தொட்டுப் பாருங்க. வலையில ஈ உக்காந்தா நூல் அதிர்ற அதிர்விலேயே அது எவ்வளவு பெருசுன்னு சொல்லிடுவீங்களே. ஒரு நூலை யானையண்ணன் நெஞ்சுல கட்டுங்க, ஒண்ணை என் நெஞ்சுல கட்டுங்க. யார் எவ்வளவு வேகமாத் தேயறாங்கன்னு உங்க காலுக்கே தெரியும்."

அத்தைக்கு இது புதிதாக இருந்தது. அவளுக்கு யாரும் இதுவரை வேலை சொல்லிக்கொடுத்ததில்லை, கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நூலைப் பற்றிய விஷயம் என்றால் அவளுக்குக் கோபத்தைவிட ஆசை அதிகம். யானை நல்ல மனசுக்காரன். "கட்டுங்க, கூச்சம் காட்டாம கட்டுங்க," என்று முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டான்.

அத்தை யானையின் நெஞ்சு நூலில் ஒரு காலை வைத்தாள். நொச்சியின் நெஞ்சு நூலில் இன்னொரு காலை வைத்தாள். ஆற்றங்கரை அடங்கியது. கல்லைத் துப்பிவிட்டுக் காட்டுப்பன்றியும் எட்டிப் பார்த்தது.

யானை நூல் ஒரு தடவை டும் என்று அதிர்ந்தது. பிறகு சும்மா இருந்தது. மறுபடியும் டும் என்றது. நொச்சி நூலோ அதிர்வதாகவே தெரியவில்லை, வண்டு பறப்பது போல ஒரே இரைச்சலாக நின்றது. அத்தை காலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். யானை ஒரு டும் போடுவதற்குள் எலியின் நெஞ்சு ஒரு பாட்டே பாடி முடித்துவிட்டது.

"ஏம்மா, உள்ள இவ்வளவு நடக்குதா உனக்கு?" என்றாள் அத்தை. அவள் குரலே மாறிவிட்டது.

"புள்ள சொல்றதுல ஞாயம் இருக்கு," என்றான் யானை. "நான் மெதுவாத்தான் தேயறேன். கொடுக்கிறதுல பாதிக்குமேல பரண்ல கிடக்கு."

அதற்குப் பிறகு ஆற்றங்கரையில் எழுந்த கூச்சலை என்னவென்று சொல்ல. அணில் மரத்திலிருந்து குதித்துவிட்டது. தவளைகள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. மூஞ்சூறு, ஓணான், தேன்சிட்டு எல்லாம் எங்கள் நெஞ்சிலும் கட்டுங்கள் என்று முன்னால் வந்துவிட்டன. எருமை சேற்றோடு தனியாக நின்றது.

அத்தை எல்லோரையும் கையமர்த்தினாள். "இனிமே தடம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவு உருண்டை. ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. எல்லாருக்கும் அப்படிக் கொடுத்தா என் வயித்துல ஒண்ணும் மிஞ்சாது. இனிப் பங்கீடுன்னு ஒரு நாளே வராது. கிழிசலைத் தைக்கவும் இந்த உருண்டைதான், புள்ளைங்களை முடையவும் இதே உருண்டைதான். உங்களுக்குப் போக மிச்சம்தான் உங்க புள்ளைக்கு. சம்மதமா?"

சம்மதம் என்று காடே கத்தியது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியது நொச்சி.

ஒவ்வொருவருக்கும் ஆளுக்கொரு உருண்டை. யானைக்கு அது துதிக்கையில் ஒரு முடிச்சு. நொச்சிக்கும் இலுப்பைக்கும் அது அவர்களைவிடப் பெரியது. அக்காவும் தங்கையும் தங்கள் உருண்டைகளைப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போனார்கள். சரிவு வந்ததும் உருண்டைகள் தாங்களே ஓட ஆரம்பித்தன. இருவரும் அவற்றைத் துரத்திக்கொண்டு, சிரித்து மூச்சு முட்டி, தங்கள் தினைக் கொல்லையில் போய் விழுந்தார்கள்.

யார் யார் அதை என்ன செய்தார்கள் என்பது அவரவர் புத்தி. ஆமை முதல் காரியமாகப் பாதி நூலில் கெட்டியாக ஓர் ஓடு முடைந்துகொண்டு, மீதியை அவசரமில்லாமல் தைத்துக்கொண்டே இருந்தது. ஈசல் முழு உருண்டையையும் ஒரே சாயங்காலத்து இறக்கைக்குச் செலவழித்துவிட்டது. யானை உடம்பெல்லாம் தைத்தான். தேய்ந்துபோகிற பல்லைத் தைக்க மட்டும் அவனுக்குக் கடைசிவரை வரவில்லை.

தினைக் கொல்லையில் திருவிழாதான். எலிகளெல்லாம் கிழிசலைத் தைத்ததோடு நிற்கவில்லை. மீசைக்கு முறுக்கு, வாலுக்குக் குஞ்சம், வயிற்றில் வெள்ளைக் கரை என்று உருண்டையில் பெரும்பகுதியை அழகுக்கே இழைத்தார்கள். நொச்சிக்கும் முதுகு பளபளத்தது. அவள் இன்னும் மேலே போய், எருமையைப் பார்க்கும் இடத்திலெல்லாம் "மாமா, இப்பக் கண்ணுக்குத் தெரியறேனா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவாள்.

இலுப்பை மட்டும் தைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, ஊசி மழுங்கிடுச்சா?"

"நாம எல்லாரும் நம்ம கிழிசலையே பாத்துக்கிட்டு இருக்கோம். நம்மளைப் பாக்கிறவனை யாரும் பாக்கலை," என்றாள் இலுப்பை. அவள் பார்வை கொல்லையின் ஓரத்துப் புற்றில் இருந்தது. அங்கே சாரைப்பாம்பு குடியிருந்தது.

மறுநாள் இலுப்பை உருண்டையோடு மலைக்குப் போய்விட்டாள். பாறை விளிம்பில் உட்கார்ந்து, முன்கை விரல்களை நீட்டி, விரலுக்கும் விரலுக்கும் நடுவில் மெல்லிய தோல் முடைந்தாள். கொல்லையிலிருந்து பார்த்த எலிகள் அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். நொச்சியே சொன்னாள். பிறகு இலுப்பை விளிம்பிலிருந்து கீழே குதித்தாள். விழவில்லை. கொல்லைக்கு மேலாக ஒரு வட்டம் போட்டுவிட்டு, குகையின் கூரைக்குப் போய்க் காலால் தொற்றிக்கொண்டாள். தைப்பதற்குக் கை இரண்டும் வேண்டுமே, அதனால் காலால் தொங்கினாள். நொச்சிக்குத் திறந்த வாய் மூடவில்லை.

கொல்லையில் ஆவாரை என்றொரு எலி இருந்தாள். நூலை அவளைப்போல யாரும் பார்த்துப் பார்த்துச் செலவழித்ததில்லை. அழகுக்கு ஓர் இழை கிடையாது. சின்னக் கீறல் என்றாலும் உடனே தைப்பாள். எத்தனையோ மழை பார்த்துவிட்டும் நேற்றுப் பிறந்தவள் மாதிரி இருந்தாள். கொல்லையில் எல்லோருக்கும் அவளைக் காட்டித்தான் புத்தி சொல்வார்கள்.

ஒரு சாயங்காலம் சாரை வந்து ஆவாரையை விழுங்கிவிட்டுப் போனது. பாதி உருண்டையை வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள், உருண்டையோடுதான் உள்ளே போனாள். புற்று வாசலில் கிடந்து சாரை சலித்துக்கொண்டது: "இப்பல்லாம் எலி நார் நாரா இருக்கு. முன்ன மாதிரி இல்லை."

நொச்சி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் கூகை உட்காரும் பட்டமரத்தடிக்கு ஓடினாள். கூகை எலிகளைத் தின்றுவிட்டுச் செரிக்காததை உருண்டையாகக் கக்கும் இடம் அது. ஒவ்வொரு உருண்டையாகப் பிரித்துப் பார்த்தாள். எலும்பு, ரோமம், நடுவில் நூல். யாருக்கும் உதவாமல் சிக்குப் பிடித்துப்போன நூல். ஆற்றங்கரையில் அவள் தொண்டை கிழியக் கத்தி வாங்கிக்கொடுத்த நூல்.

அன்று அவளுக்கு வந்த கோபம் சாரைமேல் அல்ல, கூகைமேலும் அல்ல. பசிக்கிறவர்கள் தின்றார்கள். தன் வாதத்தின்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. எல்லோருக்கும் ஒரே உருண்டை என்று ஜெயித்தாயிற்று. ஓட்டுக்குள் இருப்பவனுக்கும் புற்றுக்கு எதிரே குடியிருப்பவளுக்கும் ஒரே உருண்டை எப்படி ஒரே உருண்டை ஆகும்? இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டாமா?

கொல்லையில் எண்ணிப் பார்த்தால் எலிகள் பாதிகூட இல்லை. இருப்பவர்களிடம் நூலும் இல்லை, எல்லாம் குஞ்சமும் கரையுமாகப் போயிருந்தது. உருண்டை கிட்டத்தட்ட முழுசாக இருந்தது நொச்சி ஒருத்தியிடம்தான். முதுகுப் பளபளப்புக்குக் கொஞ்சம் போனதோடு சரி, மீதி நேரமெல்லாம் அவள் சண்டை போடுவதில் கழித்திருந்தாள்.

இருட்டுவதற்கு முன்னால் அவள் குகைக்கு ஏறிப்போனாள்.

"வந்துட்டியா," என்றாள் இலுப்பை, கூரையிலிருந்து. "உருண்டையை மேல தூக்கு. நாளைக்குள்ள உனக்கும் இறக்கை முடைஞ்சு தரேன்."

"மத்தவங்களுக்கு?"

"உன் உருண்டையில உனக்கு ஒரு ஜோடி இறக்கை வரும். மிச்சத்துல நீ உன்னைத் தைச்சுக்கலாம். இங்க பாம்பு வராது, கூகை வராது. அவசரமே இல்லை. நான் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிக்கு மட்டும் நூல் எடுத்து வச்சிருக்கேன், அதுவும் மெதுவாத்தான். நீயும் அப்படியே இரு. நீயும் நானும் மலை கரையறவரைக்கும் இருக்கலாம்டி."

நொச்சி மேலே பார்த்தாள். அக்காவின் உடம்பில் ஒரு கிழிசல் இல்லை. ஆசையாகத்தான் இருந்தது. ஆசையாக இல்லை என்று சொன்னால் அது பொய்.

"நான் மேல வந்துட்டா கொல்லையில எலின்னு ஒண்ணு இருக்குமா அக்கா?"

இலுப்பை தொங்கியபடியே கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"சாரைக்கு எதிர்ல உக்காந்து என்னை நானே தைச்சுக்கிறது அதுக்குச் சமைச்சு வைக்கிற மாதிரி. நல்லாத் தைச்ச எலியையும் கிழிஞ்ச எலியையும் அது ஒரே வாயாலதான் தின்னுது. ஒரே உடம்புல நூலைப் போட்டா ஒரே வாயோட போயிடும். பல உடம்புல போட்டா?"

"போட்டா நீ கிழிஞ்சிடுவே. ரெண்டு மழை தாங்க மாட்டே."

"தெரியும்."

"உன்னைத் தியாகின்னு கொல்லையே பாடும், அதுக்காகவா?"

"தியாகம்னு யாராவது சொன்னா கடிச்சிடுவேன். எனக்கு அந்தக் கொல்லை வேணும். பாறையைப் பிடிச்சுக்கிட்டு இங்க தொங்கி, யாரோட சண்டை போடறது? உன்னோடவா? நீ சரி சரின்னு சொல்லிட்டுத் தூங்கிடுவே."

இலுப்பை சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. "அப்ப நான் செஞ்சது தப்பா?"

"யார் சொன்னது? உன் இடத்துல உன் கணக்கு சரி. என் இடத்துல என் கணக்கு. இடத்தை மாத்தி வச்சு யாராவது பேசினாத்தான் எனக்கு ஆகாது."

உருண்டையைத் தள்ளிக்கொண்டு அவள் இறங்கினாள். இந்தத் தடவை சரிவில் அது தானாக ஓடியபோது அவளும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு போனாள்.

அன்று தொடங்கி நொச்சி முடைந்தாள். தன் கிழிசல் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கொத்துக் கொத்தாகக் குட்டிகள். விரல் நுனி அளவுக் குட்டிகள், ரோமம்கூட இல்லாமல், ரோமத்துக்கு நூல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. கண் திறப்பதற்கு முன்னால் அடுத்த கொத்து. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு சிட்டம் நூல் கொடுத்து, "இதை வச்சுக்கிட்டு அழகு பாத்தே, தொலைச்சிடுவேன். நீயும் முடை," என்று சொல்லி வளைக்குள் அனுப்பினாள். மற்ற எலிகளும் வந்து சேர்ந்தார்கள். குஞ்சத்தைப் பிரித்தார்கள், கரையைப் பிரித்தார்கள், பிரித்த நூலில் குட்டி முடைந்தார்கள். கொல்லை முழுக்க ஒரே கீச்சுக் கீச்சு.

சாரை வந்தது, தின்றது. மறுபடி வந்தது, தின்றது. ஒரு நாள் புற்று வாசலில் வயிறு உப்பிப்போய்க் கிடந்து, "என்னடி இது, தின்னத் தின்ன வந்துக்கிட்டே இருக்கு," என்று புலம்பியது.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க," என்றாள் நொச்சி வளைக்குள் இருந்தபடியே. "தீந்தாச் சொல்லியனுப்புங்க."

ஒரு மழைக்காலம் கழிந்து, தினை முற்றும் நேரத்தில் இலுப்பை பறந்து வந்தாள். மார்பில் ஒற்றைக் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. அவள் போனபோது இருந்த மாதிரியே இருந்தாள், ஒரு மயிர் நரைக்கவில்லை. வளை வாசலில் உட்கார்ந்திருந்த கிழவியைப் பார்த்து, "நொச்சி இருக்காளா?" என்று கேட்டாள்.

"நல்லாக் கேட்டே போ," என்றாள் கிழவி.

மீசை வெளுத்திருந்தது. முதுகில் பளபளப்பு இருந்த இடத்தில் தோல் தெரிந்தது. பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போயின. இலுப்பை இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளுத்த மீசையைத் தடவிப் பார்த்தாள். அது நொச்சிக்குப் பிடிக்கவில்லை.

"என்ன, அழறியா?"

"வருத்தமே இல்லையாடி உனக்கு?"

"இருக்கு. கால் வலிக்குது, கண்ணு தெரியலை, சந்தோஷமா இருக்கும்னு எவ சொன்னா? அந்தக் கூரை இந்தக் கொல்லைக்கும் இருந்திருந்தா நானும் உக்காந்து தைச்சிருப்பேன். என்னைப் புத்தி கெட்டவள்னு சொல்றவன் வந்து ஒரு நாள் புத்துக்கு எதிர்ல குடியிருந்து பாக்கட்டும்."

இலுப்பை தன் இறக்கை மடிப்புக்குள்ளிருந்து ஓர் இழையை உருவினாள். "ஒரு தையலுக்கு இது போதும். என் பங்குல இருந்துதான், மாட்டேன்னு சொல்லாதே. எங்க போடட்டும்? காலுக்கா, கண்ணுக்கா?"

யாரும் எதிர்பார்த்த மாதிரி நொச்சி அதை மறுக்கவும் இல்லை, குட்டிகளுக்குக் கொடு என்று சொல்லவும் இல்லை. கிட்டே வந்து முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"வாயோரம் கிழிஞ்சிருக்கு பாரு. அங்க போடு. நாலு நாளா எருமைக்குப் பதில் சொல்ல முடியலை."

இலுப்பை தைத்தாள். நொச்சி வாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். உருண்டை சமமாக இருந்தால் போதுமா, இடமும் சமமாக இருக்க வேண்டாமா, இதை அத்தையிடம் கேட்டே ஆக வேண்டும், நீ பறந்துபோய்க் கேள், முடியாது என்றால் நானே நடந்து வருகிறேன் என்று பொழுது சாய்ந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் குட்டிகள் உட்கார்ந்து கேட்டன, நடுநடுவே குறுக்கே பேசவும் செய்தன. பேச்சு எப்போது அவளிடமிருந்து அவர்களுக்குப் போனது என்று யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது நொச்சி இல்லை. கொல்லை நிறைய எலி இருந்தது.

அந்தத் தினை முற்றிய நாளிலிருந்துதான் சுண்டெலிக்கு ஓரிரு மழைக்குள் மீசை நரைத்துவிடுகிறது, வளையில் குட்டிகள் மட்டும் குறைவதே இல்லை. அதே அளவு உடம்புள்ள வௌவாலோ, வருஷத்துக்கு ஒற்றைக் குட்டியை மார்பில் கட்டிக்கொண்டு, எத்தனையோ மழைகளை இளசாகவே கடந்து, பாறைக் கூரையில் தலைகீழாகத் தொங்கித் தன்னைத் தைத்துக்கொண்டிருக்கிறது.